வாய்விட்டுச் சொல்லிடணும்

செயற்கைப் பல் பதித்து ஆறு மாதம்தான், அதற்குள் ஆடியது. இதுவும் போனால் இன்னொன்று பதிக்கத் தாடையில் எலும்பு கிடையாது. நாற்காலியில் சாய்ந்திருந்தவருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

“கெட்டியா எதையாவது கடிச்சீங்களா?”

“ரொட்டியைக்கூட ஊறவெச்சுத்தான் சாப்பிடறேன், டாக்டர்.”

“தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களோ?”

“இல்ல, பகல்லதான்.”

“வீட்ல சண்டையா?”

“ஐயோ, அவ தங்கம், டாக்டர்.”

“அப்ப எதையோ மனசுல அடக்கி வெச்சிருக்கீங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கக் கூடாது. வாய்விட்டுச் சொல்லிடணும். இல்லேன்னா பல் நிக்காது.”

அவர் நாற்காலியை விட்டு இறங்கினார். இருந்த தைரியத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு, “டாக்டர், வந்து…” என்றார்.

“வாயை மூடுய்யா!” டாக்டர் எரிந்து விழுந்தார். “நாற்காலியை விட்டு இறங்கியாச்சு, இனி நீ பேஷண்ட் இல்ல. டோக்கன் கூப்பிடாம மரம் மாதிரி நிக்கிறே? பத்து வருஷமா என் கிளினிக்ல குப்பை கொட்டறே, இன்னும் புத்தி வரலை!”

பல்லைக் கடித்துக்கொண்டு டோக்கன் நோட்டை எடுத்தார். பல் இன்னும் கொஞ்சம் ஆடியது.