வெட்டுக்கிளி வாரியம்

"எங்கேய்யா வெட்டுக்கிளி? அப்புறம் வாரியம் எதுக்கு?" வாரியம் தொடரலாமா என்று ஆராய வந்த சட்டமன்றக் குழுத் தலைவர் மேசையைத் தட்டினார்.

"நாங்க இருக்கோம்னுதான் சார் அது வரல!" கண்காணிப்பாளர் சற்குணமும் விடவில்லை. வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகுமே. ஜன்னலில் எங்கள் தெருவே நின்றது.

குழுவோடு வந்த இளம் அதிகாரி பீரோவிலிருந்து ஒரு கோப்பை எடுத்து வாசித்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே வாரியத்தை மூடச் சொன்ன அரசாணை. ஓரத்தில், "பார்த்தேன், கோப்பில் வைக்கவும்" என்று சற்குணத்தின் கையெழுத்து. எந்தக் காகிதம் வந்தாலும் படிக்காமலே அப்படி எழுதுவது அவர் வழக்கம். சம்பளம் மட்டும் தவறாமல் வந்திருக்கிறது!

"ஐயோ, அப்ப நாம யாருங்க சார்?" என்றாள் டைப்பிஸ்ட் பவளக்கொடி. அந்த அரசாணையை அன்றே நிறைவேற்றச் சொல்லிவிட்டுத் தலைவர் எழுந்தார்.

ஆவணியில் அவள் அந்த அதிகாரியையே கட்டிக்கொண்டாள். சற்குணம் குடும்பத்தோடு ஓசூருக்குப் போய்விட்டார். லாரியில் சாமான் ஏற்றும்போது எங்கள் யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை.