மோர்மிளகாயோடு காய்ந்தது

கரண்ட் வந்துவிட்டது. மின்விசிறி சுழன்றது. ஃபிரிட்ஜ் உடம்பை ஒரு முறை சிலிர்த்துக்கொண்டு ஓடத் தொடங்கியது.

சுவர் மட்டும் வாய் திறக்கவில்லை.

அவள் தலையணையைச் சுவரோரம் நகர்த்திக் காதை வைத்தாள். பக்கத்து வீட்டு மீன்தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார் அந்தச் சுவருக்குப் பின்னால்தான் உறுமிக்கொண்டிருக்கும். வருஷக்கணக்காக. மண்டையைக் குடைகிறது, மத்தியானம் கண்ணயர முடியவில்லை என்று அவள் சொல்லாத ஆள் அந்த பிளாக்கில் இல்லை. தள்ளுவண்டிக் காய்கறிக்காரர் உட்பட.

போன வாரம் அசோசியேஷன் செக்ரட்டரியிடமும் சொன்னாள். மறுநாளே சத்தம் பாதியாகக் குறைந்தது.

இன்று அந்தப் பாதியும் இல்லை.

கேட்ட வரம் கிடைத்துவிட்டது. தூங்க வேண்டியதுதானே.

புரண்டு படுத்தாள். மறுபடி புரண்டாள். பிறகு எழுந்து, ஒரு கொத்து கறிவேப்பிலை இருக்கிறதா என்று கேட்கப் போனாள். அவள் பால்கனித் தொட்டியிலேயே கறிவேப்பிலை ஆள் உயரத்துக்கு நிற்கிறது. இருக்கட்டும்.

கதவு திறந்திருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் மீன்தொட்டி அருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மெல்லிய குழாயின் ஒரு நுனி அவர் வாயில். மறுநுனி தண்ணீருக்குள். கன்னம் உப்பியது, அடங்கியது, உப்பியது.

குமிழ்கள் மேலேறின. ஒவ்வொன்றிலும் ஜன்னல் வெளிச்சம் ஏறி உட்கார்ந்து, கூடவே வந்து உடைந்தது.

கொழுத்த தங்கமீன் ஒன்று மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடியது. மனைவி போன பிறகு அந்த வீட்டில் மூச்சு விடுவது இரண்டே பேர். அவர். அது.

குழாயை எடுக்காமல் கண்ணாலேயே அவளை வா என்றார்.

பதில் சொல்ல முடியாத மனிதர். இப்படி ஒரு வாய்ப்பு அவளுக்கு அமைந்ததே இல்லை. மகன் ஏன் பொங்கலுக்கு வரவில்லை, சாயங்காலமானால் யாரோடு பேசுகிறார் என்று கேட்க எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

தரையில் நாலாக மடித்த துண்டு ஊறிக் கிடந்தது. அதன்மேல் மூடி கழற்றிய மோட்டார். முன்பு அது தொட்டிக்கு மேலே, சுவர் அலமாரியில் இருந்தது. சத்தம் சுவரில் ஏறாமலிருக்க, துண்டு போட்டுத் தரையில் இறக்கியிருக்கிறார். காலையில் கரண்ட் போனதும் தொட்டித் தண்ணீர் குழாய் வழியாகக் கீழே வந்து மோட்டாரின் வயிற்றுக்குள் போய்விட்டது.

யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டாள். அடுத்த வீட்டு விஷயம் அவளுக்கு எப்போதுமே சீக்கிரம் புரியும். இதில் அவளும் இருந்தாள்.

அவர் பால்கனிக்கு வெயில் வராது. அவள் பால்கனிக்கு வரும்.

மோட்டாரை முந்தானையில் துடைத்து எடுத்துப்போனாள். முறத்தில் காய்ந்துகொண்டிருந்த மோர்மிளகாயை ஒதுக்கி இடம் செய்தாள். எதிர் பிளாக் சுகந்தி, அது என்ன வடகம் என்று மாடியிலிருந்து கேட்டாள். புது தினுசு என்றாள் இவள். வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு சேதியை அவ்வளவோடு நிறுத்திக்கொண்டாள்.

திரும்பி வந்து ஒரு டம்ளரை எடுத்தாள். தொட்டித் தண்ணீரை மொண்டு, காபி ஆற்றுகிற உயரத்திலிருந்து திரும்ப அதிலேயே ஊற்றினாள். நுரைத்தது. மறுபடி மொண்டாள்.

அவர் குழாயை வாயிலிருந்து எடுத்தார். தனக்காக ஒரு மூச்சு விட்டுக்கொண்டார்.

அவள் கை வலித்தபோது அவர் ஊதினார். அவருக்கு மூச்சு வாங்கியபோது அவள் ஊற்றினாள்.

தண்ணீரின் வெளிச்சம் கூரையில் நெளிந்தது. காலண்டர், நாற்காலி, அவளுடைய வளையல், எல்லாமே தொட்டிக்குள் மிதப்பதுபோல் இருந்தது. மீன்தான் வெளியே நின்று, இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டிருந்தது.

வெயில் சாய்ந்ததும் மோட்டார் திரும்பி வந்தது. மோர் வாசனையோடு.

அவர் மூடியைப் பூட்டினார். பிளக்கைச் செருகிவிட்டு, சுவிட்சில் விரல் வைத்தபடி அவளைப் பார்த்தார். அவள் மீனைப் பார்த்தாள்.

மோட்டார் இருமியது. நின்றது. இன்னொரு முறை இருமி, ஓடியது.

குமிழ்கள் பொங்கின. சற்று நேரத்தில் மீன் மெல்லக் கீழே இறங்கியது.

உறுமுகிற மோட்டாரைக் கையில் ஏந்தியபடி அவர் தரையைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். அவள்தான் அலமாரியைக் காட்டினாள்.

வைத்தார். தயங்கினார்.

"சத்தம் ஜாஸ்தியா இருந்தா செவுத்துல ஒரு தட்டு தட்டுங்கம்மா. கைல எடுத்து வெச்சுக்கறேன்."

வீட்டுக்கு வந்து படுத்தாள். சுவர் உறுமியது. முன்னைவிடப் பலமாகவே.

கை உயர்ந்தது. விரல்கள் மடங்கின.

பிறகு ஒவ்வொன்றாக விரிந்து சுவரில் படிந்தன. உள்ளங்கைக்குள் சுவர் சன்னமாக அதிர்ந்தது.

அந்தப் பக்கம் அவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருப்பார். நிற்கட்டும்.

கறிவேப்பிலை கேட்க மறந்துவிட்டது, கண் செருகும்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

நாளைக்குப் போய்க் கேட்க வேண்டும்.