எதிர்ப்பக்கத்து ஆள்

ஒரு கேமரா பையில் நீள லென்ஸும் குட்டி லென்ஸும் அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்தன. புகைப்படக்காரர் எட்வின் கூச்ச சுபாவி. சந்தையில் மீன் விற்கும் ஓர் அம்மாவைப் படமெடுக்க, நீள லென்ஸை மாட்டிக்கொண்டு தெருவின் எதிர்ப்பக்கத்திலேயே நிற்பார்.

"நான் பார்ப்பது யாருக்கும் தெரியாது. நீயென்றால் மூக்குக்கு முன்னால் போய் நிற்க வேண்டும்," என்று நீள லென்ஸ் பீற்றிக்கொள்ளும்.

ஒரு மழைநாளில் நீள லென்ஸுக்குள் நீர் கோத்துக்கொண்டது. ஈரம் போக அதை அரிசி டப்பாவுக்குள் படுக்க வைத்துவிட்டு, எட்வின் வேறு வழியில்லாமல் குட்டி லென்ஸுடன் கிளம்பினார்.

சாயங்காலம் அரிசிக்குள்ளிருந்து குரல் வந்தது. "என்ன, கிட்டப் போனதும் மீன்காரி விரட்டிவிட்டாளா?"

"இல்லையே. கூடையை நகர்த்தி, எங்களுக்கு நிற்க இடம் கொடுத்தார்."

"ஏதாவது சொன்னாளா?"

"'தெனமும் அந்தப் பக்கம் நின்னு என்னையே பாத்துக்கிட்டிருப்பியே தம்பி, இங்க வர இம்புட்டு நாளா?' என்று கேட்டார்."

நீள லென்ஸ் மெதுவாகக் கேட்டது.

"அவர் பேர் என்ன?"