ஆடாமல் உட்காரு

“ஆடாதே. கண்ணைக்கூடச் சிமிட்டாதே” என்றேன்.

“ஆமா, எழுந்து ஓடப்போறேன் பாருங்க” என்றாள் என் வீட்டுக்காரி.

ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். இடது கை தலையணை மேல் கிடந்தது. பக்கவாதம் வந்த நாளிலிருந்து அந்தக் கை நாங்கள் தூக்கி வைக்கிற இடத்தில்தான் கிடக்கிறது. தொட்டாலும் தெரியாது, கிள்ளினாலும் தெரியாது.

கேமரா மூத்த மகளுடையது. விற்பனைக்கு வருகிற வீடுகளைப் படம் பிடிப்பது அவள் தொழில். முக்காலியில் அதை நிறுத்திக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துகொண்டாள்.

முன்பு ஒரு தடவை நானே எடுத்துப் பார்த்தேன். வெளியே மரம் பளிச்சென்று வந்தது, இவள் இருட்டாக வந்தாள். “கட்டினவளைக் கரிக்கட்டையா எடுத்திருக்கீங்க” என்றாள். வெளிச்சத்தைக் கூட்டினேன். முகம் வந்தது. மரம் போய், ஜன்னல் வெறும் வெள்ளைத்தாள் ஆகிவிட்டது.

எச்.டி.ஆர். என்று ஒன்று இருக்கிறதாம். மகள் சொன்னாள். ஒரே இடத்தை மூன்று தடவை எடுக்க வேண்டும். ஜன்னலுக்காக ஒன்று இருட்டாக, அறைக்காக ஒன்று வெளிச்சமாக, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. மூன்றிலும் தேறியதை எடுத்துக் கம்ப்யூட்டர் ஒரே படமாக்கிவிடும்.

மூன்றைக் கலந்து ஒன்றா? அது பொய்ப் படம்தானே?

யார் எதைச் சொன்னாலும் எனக்கு லேசில் நம்பிக்கை வராது. கைக்குப் பயிற்சி கொடுக்க வருகிறவர் ஒவ்வொரு தடவையும் “வந்துடும் ஐயா, வந்துடும்” என்பார். எப்போ வரும் என்று கேட்டால் சிரிப்பார். அடுத்த தடவை வரும்போது, இதோடு போதும் என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்துவிட்டேன். இவளிடமும் சொன்னேன்.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். “அப்போ என் மரத்தோட ஒரு படமாவது ஒழுங்கா எடுங்க. இனிமே நானும் அதுவும்தானே” என்றாள்.

அதற்காகத்தான் இவ்வளவு பாடு.

பொத்தானைத் தொட்டதும் கையை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நம் நடுக்கம் படத்தில் ஏறிவிடும்.

டிக். டிக். மூன்றாவது மட்டும் இழுத்துக்கொண்டு, டி…க். அறை இருட்டைப் பிடிக்க அதற்குக் கூடுதல் நேரம் வேண்டுமாம்.

கூடத்தில் மகள் மூன்றையும் கலந்தாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன்.

படம் வந்தது.

திறந்த வாயை மூட மறந்துவிட்டேன். மரம் இலை இலையாகத் தெரிந்தது. அதே படத்தில் இவள் முகம், காதோர நரை, நெற்றிச் சுருக்கம். கட்டிலுக்கு அடியில் நான் வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்த ஒற்றைச் செருப்புகூட.

நம் கண் இதைத் தினமும் செய்துகொண்டிருக்கிறது. இது ஒரு வேலை என்று ஒரு நாளாவது நினைத்திருப்பேனா?

மகள்தான் உச்சுக்கொட்டினாள். “போச்சுப்பா. கையில கோஸ்ட் விழுந்திருக்கு. அம்மா ஆடிட்டாங்க. இன்னொரு தடவை எடுக்கணும்.”

கோஸ்ட் என்றால் பேய். மூன்று படத்துக்கு நடுவில் எது அசைந்தாலும் அது இரண்டாகத் தெரியுமாம். பார்த்தேன். தலையணை மேல் ஒரு கை. அதற்குமேல், புகையில் செய்ததுபோல இன்னொரு கை.

“எந்தக் கை?” என்றேன்.

காட்டுவதற்காகத் திரைக்குப் போன மகளின் விரல் பாதியில் நின்றுவிட்டது.

“கலந்ததை நான் நம்பமாட்டேன். தனித்தனியாக் காட்டு.”

முதல் படம். கை தலையணையில் படுத்திருந்தது.

இரண்டாவது. சுண்டுவிரல் மட்டும் தலையணையை விட்டு எழும்பியிருந்தது.

மூன்றாவது. நாலு விரலும் கலங்கிப்போய், விசிறியதுபோல.

கண்ணாடியில் மாறுகிற மாதிரி இடதும் வலதும் மாறியிருக்குமோ என்று வளையலைத் தேடினேன். வளையல் வலது கையில் இருந்தது. இடது கை வீங்கியபோது அதில் இருந்ததைக் கழற்றிவிட்டோம்.

அசைந்தது மொட்டைக் கைதான்.

அறைக்குள் போனேன். மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏய், கையை ஏன் ஆட்டினே?” அதட்டலாகத்தான் வந்தது. வேறு மாதிரிப் பேச எனக்கு வராது.

“எறும்புங்க. சுருக்குன்னு கடிச்சிருச்சு.”

சொல்லிவிட்டு, சொன்னதைத் தானே கேட்டவள்போல நிறுத்தினாள். மெதுவாகத் தலையைக் குனிந்து அந்தக் கையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வாசலில் நின்று மகளும் பார்த்தாள். கை ஒன்றும் தெரியாததுபோல எப்போதும் கிடக்கிற மாதிரியே கிடந்தது.

பிறந்த குழந்தையைச் சுற்றி நிற்பதுபோல நின்றோம்.

மறுநாள் பயிற்சிக்காரர் வந்தபோது கதவை நானே போய்த் திறந்தேன். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். போதும் என்று சொல்லவில்லை.

உள்ளேயிருந்து மகள் கத்தினாள். “அம்மா தலையணையில யாரு சர்க்கரையைக் கொட்டி வெச்சது?”

நான் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.