அசல் டேப்பில் அத்தை

தானா ராத்தா மலை நகரத்து வீடியோ கடை ஒன்றின் கண்ணாடிக்கு வெளியே மூடுபனி இறங்கி நிற்கிறது. உள்ளே மேசைமேல் இரண்டு வீடியோ பெட்டிகள் ஒரு கறுப்பு வயரால் இணைந்து முனகுகின்றன. ஒன்றில் ஓடும் நீலாவதியின் கல்யாண டேப் மற்றொன்றில் பதிவாகிறது. அவள் மடியில் ஒரு தேயிலை டின். செத்துப்போன மாமியாரின் பெட்டியை ஒழித்தபோது, ஈரம் அண்டாமல் இந்த டின்னுக்குள் தேயிலையில் புதைத்து வைத்திருந்த அசல் டேப் கிடைத்தது. "பொட்டுப் பூஞ்சை இல்ல தங்கச்சி," என்கிறார் கடைக்கார அமிர்தலிங்கம். "எஸ்டேட்ல சுத்துற டேப்பெல்லாம் காப்பியிலேர்ந்து எடுத்த காப்பிதான்லா. அதுல மூஞ்சி எங்க தெரியும்?"

நீலாவதி இதுவரை பார்த்ததும் அப்படியொரு நகல்தான். அந்த நகலில் தாலி கட்டும் நேரம், கூட்டத்தின் ஓரத்தில் மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார். முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைப் புகை. தோள் குலுங்குவது மட்டும் தெரியும். தன்னைப் பிடிக்காமல்தான் அழுதார் என்று முடிவு கட்டி, அவர் சாகும்வரை அளந்தே பேசினாள்.

எதிரே டிவியில் கெட்டிமேளம் கொட்டுகிறது. டின்னை இறுக்கிப் பிடிக்கிறாள். திரையில் மாமியாரின் மூக்குத்தி பளிச்சிடுகிறது, கண்கள் இடுங்குகின்றன, முந்தானை நழுவுகிறது. தாலி முடிச்சுப் போடத் தெரியாமல் திணறும் மகனைப் பார்த்து அவர் வெற்றிலைப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்.

"அண்ணே, அத்தை சிரிக்குதுண்ணே!"

"திருப்பிப் போடவா?"

"வேணாம்ணே, பதிவு கெட்டுரும். ஓடட்டும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். திரையில் தலை குனிந்தே உட்கார்ந்திருக்கும் புதுப்பெண்ணிடம், "நிமிந்து பாருடி," என்கிறாள்.