கனாத்துக்குக் கல்யாணம்

"அம்மா துபா, வர்ற வெள்ளிக்கிழமை உனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை நம்ம கனாத்து!"

ஊருக்குத் தண்ணீர் முறை பங்கிடும் மீராப் ஸஃபர் சொல்லி முடித்ததும் வாய்க்காலோரம் கூடியிருந்த கூட்டம் கைதட்டியது. மொராத்துக்கு மட்டும், தேநீருக்காக வாயில் ஒதுக்கியிருந்த சர்க்கரைக் கட்டி தொண்டையில் போய்ச் சிக்கிக்கொண்டது. இருமினான். யாரும் முதுகில் தட்டவில்லை.

மலையடியிலிருந்து மண்ணுக்குள்ளேயே சுரங்கமாக ஓடிவந்து ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும் கனாத், வசந்தம் முடிந்ததிலிருந்து மெலிந்துகொண்டே போனது. தாரேபாக் கிராமத்தைப் பொறுத்தவரை அதற்கு ஒரே காரணம்தான். தனிமை! ஒரு விதவையை அதற்குக் கட்டிவைத்து, அவளும் அவ்வப்போது கீழே இறங்கிக் குளித்துவிட்டு வந்தால் கனாத் குஷியாகிவிடும். ஊர் அவளுக்கு வருஷா வருஷம் கோதுமை அளக்கும். ஒரே ஒரு நிபந்தனை. கனாத்தைக் கட்டியவருக்கு ஆயுசுக்கும் வேறு கல்யாணம் கிடையாது.

அந்த நிபந்தனைதான் மொராத்தை உட்காரவிடவில்லை. கனாத்துக்குள் இறங்கிச் சேறு அள்ளுவது அவன் தொழில். விதவை துபாவைப் பெண் கேட்பது அவன் பொழுதுபோக்கு. ஒவ்வொரு தடவையும் அவள் கதவைச் சாத்திவிடுவாள். வெட்கம் என்று எடுத்துக்கொண்டான். போன மாதம் கதவிடுக்கில் அவன் விரல் மாட்டிக்கொண்டது. ரொம்ப வெட்கம்.

"இதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன், மீராப் ஐயா!" என்று எழுந்தான்.

"நீ யாருடா ஒத்துக்க? கனாத்துக்கு மாமனா?"

கூட்டம் சிரித்தது. தலையோடு போர்த்தியிருந்த கறுப்புச் சாதருக்குள்ளிருந்து துபா மெல்ல வாயைத் திறந்தாள். அவனிடம் அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

"மொராத் அண்ணே, நீங்கதானே தினம் அதுக்குள்ள போயிட்டு வர்றவர். அது ஆம்பளைதான்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

'அண்ணே' அவன் காதில் விழவில்லை. மற்றது பளிச்சென்று உறைத்தது. அடடா, வழி காட்டுகிறாள்!

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்! அது பொம்பளை!"

"என்னடா உளர்றே? எங்க தாத்தா காலத்துலேர்ந்தே அது ஆம்பளை."

"உங்க தாத்தா உள்ள போய்ப் பார்த்தாரா? தண்ணியைக் குடிச்சுப் பாருங்க. மெத்துன்னு இறங்கும். ஆம்பளைத் தண்ணின்னா தொண்டையை அறுக்கும். அப்புறம், இது ஓயாம பேசிக்கிட்டே இருக்கு."

"நீகூடத்தான் ஓயாம பேசறே," என்றாள் ரொட்டி சுடும் நிஸா. "உன்னையும் எவனுக்காவது கட்டிக் குடுத்துடலாமா?"

"வாடா, சோதிச்சுடலாம்," என்று மீராப் லாந்தரை எடுத்தார்.

கனாத்துக்குள் படியிறங்கினார்கள். மீராப் முன்னால், மண்வெட்டியோடு மொராத் பின்னால். படி உச்சியில் ஊர் முழுக்கக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. கீழே குளிர் எலும்பு வரை போனது. கணுக்கால் அளவுத் தண்ணீர் முணுமுணுத்தபடி இருட்டுக்குள் நழுவியது.

"எப்படிடா கண்டுபிடிக்கறது?"

"வயசைக் கேளுங்க. பொம்பளையா இருந்தா சொல்லாது."

மீராப் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அம்மா... ஐயா... யாரா இருந்தாலும் சரி. உங்களுக்கு என்ன வயசாகுது?"

தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடியது.

"ஆம்பளையா இருந்தாலும் சொல்லாதுடா மடையா. தண்ணி எங்கயாவது பேசுமா?"

"அப்போ நீங்களே ஒரு வயசு சொல்லிப் பாருங்க."

"ரெண்டாயிரமாவது இருக்கும். கிழடு!"

இருட்டில் மொராத்தின் மண்வெட்டிக் காம்பு கூரையை லேசாக இடித்தது. பொத்தென்று ஓர் ஈர மண்கட்டி மீராப்பின் தலையில் விழுந்து உடைந்தது.

மீராப் அப்படியே நின்றார். தாடியிலிருந்து சேறு சொட்டியது. முகத்தில் ஞானம் பிறந்தது.

"பொம்பளைதான்டா. சந்தேகமே இல்ல. எங்க வீட்டுலயும் வயசைப் பத்திப் பேசினா கையில கிடைச்சது பறந்து வரும்."

மேலே வந்து அவர் தீர்ப்பைச் சொன்னதும் ஊர் வாயைப் பிளந்தது. மொராத் துபாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். சாதருக்குள் அவள் கண்கள் சிரித்தன. சிரித்தேவிட்டாள்! மனசுக்குள் அவன் கல்யாணப் புலாவுக்குக் குங்குமப்பூ ஊறப்போட்டான்.

"ஆக, துபாவுக்குக் கல்யாணம் இல்ல," மீராப் தாடியைத் துடைத்துக்கொண்டார். "ஆனா கனாத்துக்கு உண்டு. பொண்ணுன்னா மாப்பிள்ளை வேணுமே! பசங்க எல்லாம் வேலைக்குன்னு அராக் நகரத்துக்குப் போயிட்டானுங்க. இங்க கல்யாணமாகாத ஆம்பளை யாரு இருக்கா?"

ஊர் மொத்தமும் ஒரே பக்கம் திரும்பியது.

"ஐயோ, மீராப் ஐயா! நான் துபாவை..."

"சீ, வாயைக் கழுவு! கனாத்தைக் கட்டப்போறவன் இன்னொரு பொண்ணு பேரைச் சொல்லலாமா?"

"துபா, நீயாவது சொல்லேன்!"

"அவகிட்ட என்னடா கேக்கறே? கனாத்து இளைச்சுப் போச்சு, சீக்கிரம் ஒரு கல்யாணம் பண்ணி வைங்கன்னு போன வாரம் என்கிட்ட வந்து சொன்னதே அவதான்."

துபா சாதருக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே கழுத்தில் பூவேலை செய்த புத்தம் புதிய மாப்பிள்ளைச் சட்டை.

"அப்பவே தைச்சு முடிச்சுட்டேன், மீராப் ஐயா," என்று அதை மொராத்தின் தோளில் வைத்து அளந்து பார்த்தாள். "கைதான் ஒரு விரல் நீளம். குளிக்கறப்போ அண்ணனை மடிச்சு விட்டுக்கச் சொல்லுங்க."