சாவி இல்லாத வண்டி

வாசலில் நின்ற பாசிப்பச்சை ஜீப்பின் பானெட்டைத் தொப்பிக்காரர் ஒருவர் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். பெற்ற பிள்ளைக்கு முகம் துடைத்துவிடுவதுபோல அவ்வளவு பக்குவம். அதைப் பார்த்த பிறகுதான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு மூச்சே வந்தது. நல்லவேளை, வேறு யாரும் வந்திருக்கவில்லை.

நேற்றுப் போனில் பேசிய அம்மாள், "பத்தரைக்கு ஒருத்தர் வண்டி பார்க்க வராரு. நீங்க பதினொண்ணுக்கு வாங்க, எங்க வீட்டுக்காரர் இருப்பாரு" என்று சொல்லியிருந்தார். பதினொன்றுக்குப் போனால் ஜீப் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைதான் மிஞ்சும் என்பது கடைக்காரரின் அனுபவம். ஏற்கெனவே மூன்று பட்டாளத்து ஜீப்புகள் அப்படித்தான் கைநழுவிப் போயின. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிடுவார். இவர் யோசித்து முடிப்பதற்குள் இன்னொருவர் ஓட்டிக்கொண்டு போயிருப்பார்.

"இதுவும் போச்சுன்னா, இனிமே இந்த வீட்ல ஜீப்புங்கற பேச்சையே எடுக்கக் கூடாது" என்று மனைவி காலையில் கறாராகச் சொல்லிவிட்டாள். அதனால்தான் கடையைக்கூடத் திறக்காமல், காலில் கிடந்த வீட்டுச் செருப்போடு பத்து மணிக்கே வந்து நிற்கிறார். முதலில் வரவேண்டியவரை முந்துகிறோமே என்று உறுத்தத்தான் செய்தது. ஆசைக்கு முன்னால் உறுத்தல் எம்மாத்திரம்.

"வாங்க, வாங்க. உங்களத்தான் எதிர்பார்த்துட்டு நிக்கறேன்" என்றார் தொப்பிக்காரர்.

"கொஞ்சம் சீக்கிரமா வந்துட்டேன். தப்பா நெனைக்காதீங்க."

"நல்லதாப் போச்சு. வேற யாராவது வந்து நிக்கறதுக்குள்ள நாம பேசி முடிச்சிடலாமே."

கடைக்காரருக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. "ஒரு சுத்து போய்ட்டு வரலாமா?" என்று கேட்டு வாய் மூடவில்லை, தொப்பிக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் டேஷ்போர்டைத் தடவினார், கீழே குனிந்து பார்த்தார்.

"சாவி?"

ஆள் ஆழம் பார்க்கிறார் என்று கடைக்காரர் சிரித்துக்கொண்டார். யாரிடம்? "பட்டாளத்து வண்டிக்கு ஏதுங்க சாவி? குண்டு விழற எடத்துல சாவியத் தேடிட்டு நிக்க முடியுமா? அந்தச் சுவிட்சத் திருப்பிட்டு, கால்கிட்ட இருக்கற ஸ்டார்ட்டர மிதிங்க."

"அடேயப்பா, அக்குவேறு ஆணிவேறாத் தெரிஞ்சு வச்சிருக்கீங்க" என்று தொப்பிக்காரர் அப்படியே செய்தார். ஜீப் நாலு இருமல் இருமிவிட்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கிளம்பியது.

கடைக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தப் பத்தரை மணிக்காரர் இந்நேரம் வந்திருப்பாரோ, பின்னாலேயே ஓடி வருவாரோ என்று ஒவ்வொரு திருப்பத்திலும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். தொப்பிக்காரரும் ஏனோ அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

"பிரேக் கொஞ்சம் இடது பக்கம் இழுக்குதுங்க" என்றார் தொப்பிக்காரர்.

"வயசான வண்டி. அதெல்லாம் சரி பண்ணிக்கலாம்."

தன் வண்டியின் குறையைத் தன் வாயாலேயே சொல்கிற மனிதரைக் கடைக்காரர் இதுவரை பார்த்ததில்லை. என்ன ஒரு நாணயம் என்று மனசுக்குள் வியந்துகொண்டார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. ஜீப் நின்றது.

"ஒரு வெலையச் சொல்லுங்க" என்றார் கடைக்காரர்.

"நீங்க சொல்றதுதானே மொற."

"இல்லல்ல, நீங்களே சொல்லுங்க."

"அட, சும்மா சொல்லுங்க."

இப்படியே மரியாதை பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும், ஜீப்பும் போய்விடும். ஐந்துக்குக் குறையாது என்று தெரிந்தும் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, "நாலு லட்சம்" என்றார்.

"சம்மதம். நான் பேரமே பேச மாட்டேன்" என்று தொப்பிக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆனா, இனிமே யார் வந்து கேட்டாலும் பேச்சு மாறக் கூடாது."

"உயிரே போனாலும் மாற மாட்டேன்."

இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். கடைக்காரருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக யோசிக்காமல் ஒரு காரியம் செய்திருக்கிறார், அதுவும் பழுதில்லாமல் முடிந்திருக்கிறது.

மனைவியிடம் சொல்லப் போனை எடுத்தார். அதற்குள் அதுவே அடித்தது. நேற்றுப் பேசிய அதே அம்மாள்.

'உங்க வீட்டுக்காரர் என் பக்கத்துலதான் இருக்காரு' என்று சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மாள் பதற்றத்தில் இடமே கொடுக்கவில்லை.

"சார், நீங்க வர வேண்டாம். எங்க வீட்டுக்காரர் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள, வாசல்ல நின்ன வண்டிய யாரோ ரெண்டு பேரு திருடிட்டுப் போயிட்டாங்க."